இரைச்சலும் இசையும்

'ஹெவி மெட்டல்' என்னும் மேனாட்டு இசையை வெறும் இரைச்சலென்று ஒதுக்கியவன் நான். இன்று அதன் அன்பர்களுள் ஒருவன். இம்மாற்றம் நேர்ந்த வகையைக் கூறுகிறேன்.

அவ்விசைக்கு வித்திட்ட நகரங்களுள் தலையாயது இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பர்மிங்காம். அங்கே டோனி அயோமி என்னும் இளைஞர், 1965-இல், ஆலை வேலையின் இறுதி நாளன்று இயந்திரத்திற் சிக்கி, வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். கிதாரில் தந்தியை அழுத்துவதற்கு அவர் பயன்படுத்திய கை அதுவே. எனினும் அவர் மனந்தளரவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தினார். அவர் கையில் கனத்த நாதம் உருவாயிற்று. அவரது 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளிவந்தது.

ஜப்பானிலோ, இளம்பெண்கள் ஆடிப்பாடும் இனிய 'பாப்' இசைக்குச் செல்வாக்கு மிகுதி. இவ்விரண்டையும் இணைத்து 2010-இல் தோன்றியது 'பேபிமெட்டல்' குழு. பாடிய மூவரும் அன்று பள்ளிச் சிறுமியர். 2013-இல் அவர்கள் வெளியிட்ட 'இஜிமே, டமே, ஜெட்டாய்' என்னும் பாட்டின் பெயருக்கு, 'பிறரை வாட்டுதல் ஒருக்காலும் கூடாது' என்பது கருத்து. சக மாணவரைத் துன்புறுத்துவதை ஜப்பானியர் 'இஜிமே' என்பர்.

பொருளறிந்ததும் நான் திடுக்கிட்டேன். வகுப்பில் அமைதி நிலவினால் எல்லாம் நலமென்று நம்பிய தலைமையாசிரியன் நான். கேலிக்கு அஞ்சிக் கடைசிப் பலகையில் வாய்திறவாதிருந்த சிறுவர் சிலரை நான் கவனியாது விட்டதுண்டு. அவர்தம் துயரம் என் செவியில் விழ இத்துணைப் பேரொலி வேண்டியிருந்தது!

எந்த இசையையும் முழுதும் கேட்டபின் மதிப்பிடுங்கள். உங்கள் அருகே மௌனமாயிருக்கும் தோழனிடமும் இன்றே பேசுங்கள்.