டேப்பில் ஒட்டி வந்த விஞ்ஞானம்: மாணவர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



என்னடா இது, அரசியல் மேடையில அணுவைப் பத்திப் பேசுறாங்களேன்னு நினைக்காதீங்க. கடைசியில அரசியலுக்கே வந்து சேருவேன்.

உங்க பையில இருக்கிற பென்சிலை எடுத்துப் பாருங்க. அதன் முனையில் இருப்பது கிராஃபைட். ஒரு மில்லிமீட்டர் கிராஃபைட்டில் சுமார் 30 லட்சம் கார்பன் அடுக்குகள் இருக்கின்றன. அதில் ஒரே ஒரு அடுக்கைப் பிரித்தெடுத்தால் அதுதான் கிராஃபீன். 2004-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் அதை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? சாதாரண ஒட்டு டேப்பை வைத்து! ஒட்டி ஒட்டி உரித்தார்கள். 2010-ல் நோபல் பரிசு வீடு தேடி வந்தது.

ஆனால் கிராஃபீனில் ஒரு சிக்கல். மின்சாரத்தை அருமையாகக் கடத்தும். சுவிட்ச் போல முழுசா அணைக்க முடியாது. அங்கேதான் மாலிப்டினம் டைசல்ஃபைடு வருகிறது. மெக்கானிக் அண்ணன்களுக்குத் தெரியும், கிரீஸில் கலக்கும் அதே கருப்புப் பொடிதான். கட்டியாக இருக்கும்போது ஒளியை உமிழ்வதில் படுமந்தம். ஒற்றை அடுக்காக, அதாவது 0.65 நானோமீட்டர் தடிமனுக்கு உரித்துவிட்டால், நன்றாக ஒளி உமிழ்கிறது! 2010-ல் இதைக் கண்டறிந்தார்கள். 2013-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இதே ஒற்றை அடுக்கை வைத்து மிக மங்கலான ஒளியையும் உணரும் கருவி செய்து காட்டினார்கள்.

அந்த மாதிரிக் கருவியை எப்படிச் செய்கிறார்கள்? உரித்த துணுக்கை சிலிக்கான் தகட்டில் ஒட்டுவார்கள். நிற வேறுபாட்டை வைத்து மைக்ராஸ்கோப்பில் ஒற்றை அடுக்கைத் தேடிப் பிடிப்பார்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சு. அதில் எலக்ட்ரான் கற்றையால் கோடு வரைந்து, அந்த இடத்தைக் கரைத்துவிட்டு, தங்கத்தைப் படியவைத்து, மிச்சப் பூச்சை நீக்கினால் இரண்டு முனைகள் தயார். இப்போது ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்னோட்டம் கூடும். அவ்வளவுதான் தத்துவம்.

டேப் வேலை ஆராய்ச்சிக்குச் சரி, தொழிற்சாலைக்கு ஆகாது. அதற்குச் சூளையில், மாலிப்டினம் ஆக்சைடையும் கந்தகத்தையும் ஆவியாக்கி, தகடு முழுக்க அடுக்கை வளர்க்க வேண்டும். சுருக்கம், அழுக்கு, துணுக்குகள் சேருமிடத்தில் குறைபாடு, தங்கம் தொடுமிடத்தில் மின்தடை... இவற்றோடு உலகமே இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போ அரசியலுக்கு வர்றேன். டேப் மலிவு, ஆனால் எலக்ட்ரான் கற்றைக் கருவியும், தூசி நுழையாத கிளீன் ரூமும் பல கோடி. லாபம் எப்போ வரும்னு தெரியாத வேலைக்கு யார் பணம் போடுவார்? அரசுதான் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் கிராஃபீன் ஆய்வுக்கு 10 ஆண்டுகளில் 100 கோடி யூரோ என்று திட்டம் போட்டது. நம் நாட்டிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பம்பாய் ஐஐடி போன்ற இடங்களின் கிளீன் ரூம்களில் வெளிக் கல்லூரி ஆய்வாளர்களும் வந்து வேலை செய்ய மத்திய அரசின் திட்டம் உண்டு. அந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைக்குப் பாடப்புத்தகப் படம் மட்டும் போதுமா, தோழர்களே? தன் கையால் ஒரு கருவியைச் செய்து பார்க்க வேண்டாமா?

கேளுங்கள். உங்கள் கல்லூரியில் கேளுங்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், எங்களையும் கேளுங்கள். ஆய்வகம் சலுகை அல்ல, உரிமை!



#ஆய்வகம்_நம்_உரிமை