தொடச் சொன்னவர் யார்?

(பெரியகுளத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மில்லில் ஒரு மோட்டார் நின்றுவிடுகிறது. மாங்காய்க் குடோனுக்குப் புதிதாக லைன் இழுக்க வேண்டியிருக்கிறது. வயர்மேனைக் கூப்பிட்டால் கூலி கொடுக்க வேண்டுமே! முதலாளி பக்கத்தில் நிற்கும் நம் ஆளைப் பார்க்கிறார். "நீதான் கெட்டிக்காரனாச்சே, அந்த ஒயரைக் கொஞ்சம் மாட்டிவிடப்பா" என்கிறார். அவனும் ஏணியில் ஏறுகிறான். பிழைத்து இறங்கினால் சரி. இல்லையென்றால், "இவனை யார் தொடச் சொன்னது?" என்று அதே வாய் கேட்கும்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? 1956ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45வது விதி தெளிவாகச் சொன்னது. லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டர்தான் வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசர் நேரில் மேற்பார்க்க வேண்டும். பெர்மிட் உள்ளவர்தான் கை வைக்க வேண்டும். 2010லும் 2023லும் வந்த புதிய ஒழுங்குமுறைகளும் இதையே தொடர்கின்றன. பல்பு, பியூஸ், சுவிட்சைப் பழையபடியே மாற்றிப் போடுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. புது லைனுக்கும், கூடுதல் லோடுக்கும் விலக்குக் கிடையாது.

"இது தாழ்வழுத்தம்தானே, என்ன செய்துவிடும்?" என்பார்கள். பழைய விதிகளின்படி 250 வோல்ட் வரை தாழ்வழுத்தம். நம் கடைகளில் ஓடும் 230 வோல்ட்டும் அதில் அடக்கம். ஆனால் 60 வாட் பல்பு இழுக்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு நெஞ்சின் வழியாகப் பாய்ந்தாலே உயிர் போகலாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவனுக்குத் தாழ்வழுத்தம் என்ற பெயர் காவலாகுமா?

மின்சாரம் நமக்குப் பகையல்ல. நம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், லோயர் கேம்பில், 1958ல் பெரியாறு மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் நமக்கும் வேண்டும். உயிரைப் பணயம் வைத்து முதலாளிக்கு வயர்மேன் கூலியை மிச்சம் பிடித்துக் கொடுப்பதுதான் வேண்டாம்.

"பெர்மிட் என்பது ஏழைப் பையனின் பிழைப்புக்கு முட்டுக்கட்டை" என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியல்ல. ஒயரிங் வேலையில் ஐந்து வருஷ அனுபவமும் 21 வயதும் உள்ளவர்களுக்காகத் தமிழக அரசு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். தொழில் தெரிந்த நம் பிள்ளைகளை எழுத வையுங்கள். சான்று கையில் இருந்தால் கூலியும் பேசிக் கேட்கலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால் மூடி மறைக்க விடாதீர்கள். 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 161வது பிரிவுப்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். இ.எஸ்.ஐ. பதிவு உள்ள இடத்தில் குடும்பத்துக்கு அதன் வழியே உதவித்தொகை உண்டு. பதிவு இல்லாத இடத்தில் நஷ்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. உயிரே போனபின், "சொன்ன பேச்சைக் கேட்காமல் தொட்டான்" என்ற சாக்கு அந்தச் சட்டத்தின் முன் செல்லாது.

ஒருவன் தனியாக மறுத்தால் மறுநாள் வேலை இல்லை என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஆகவே ஒரு ஷிப்டு முழுவதும், ஒரு தோப்பு ஆட்கள் அத்தனை பேரும் சேர்ந்து கேளுங்கள்: "பெர்மிட் உள்ள ஆள் எங்கே? அவர் வரட்டும், பிறகு வேலை நடக்கட்டும்!"