பழைய விமானமும் மார்கழிப் பனியும்



புதுக்கோட்டைச் சீமையிலுள்ள வல்லத்திராக்கோட்டை எனது ஊர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் நான், விமானி அல்லன். ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன உரிமை என்று தாங்கள் வினவலாம். ஒரு மார்கழிக் காலையில், பழைய சிறு விமானம் ஒன்றில் அரைமணி நேரம் அமர்ந்து பறந்தவன் என்பதே எனக்குள்ள உரிமை. அன்று கற்ற பாடத்தைப் பின்னர் என் பணிக்காலம் முழுவதும் மறந்தேனில்லை.

1982ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த காலம். என் தாய்மாமன் முறையுள்ள உறவினர் ஒருவர் விமானப் பயிற்சிக் கழகம் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தார். அவரைக் காணச் சென்றபோது, கொட்டகையில் ‘புஷ்பக்’ விமானம் ஒன்று நின்றிருந்தது. பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை ஆக்கிய இனம் அது. அதன் முதல் விமானம் 1958 செப்டம்பர் 28 அன்று பறந்தது. மொத்தம் ஏறத்தாழ 150 கட்டப்பெற்றன. இருவர் அருகருகே அமரும் இருக்கை, தலைக்கு மேலே இறக்கை, 90 குதிரைசக்தி என்ஜின், எஃகுக் குழாய்களாலான உடற்கூடு, அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணி. இவ்வளவே அதன் செல்வம்.

இதற்கு முன்னால் இரு சக்கரங்கள். வாலின் அடியில் ஒரு சிறு சக்கரம். நிற்கும்போது மூக்கை உயர்த்தி வானத்தைப் பார்த்திருக்கும். ஆதலால் தரையில் ஓடுகையில் எதிரே உள்ளது விமானிக்குச் சரிவரத் தெரியாது. பாம்பு ஊர்வதுபோல் வளைந்து வளைந்து சென்றே வழி பார்க்க வேண்டும். பளுவின் பெரும்பகுதி முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஓட்டத்தில் சற்றே கோணினாலும் வால் முந்திக்கொள்ளத் துடிக்கும். விமானம் தட்டாமாலை சுற்றிவிடும். நம் ஊர்த் தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர் ஒரு கணமும் கண்ணை எடுப்பதில்லை அல்லவா? இங்கே அந்தப் பணியைச் செய்பவை, சுக்கானை இயக்கும் விமானியின் இரு கால்கள். விமானம் முற்றிலும் நிற்கும் வரையில் அவற்றுக்கு ஓய்வில்லை.

நான் சென்ற அன்று விடியுமுன்னரே மாமா வேலையைத் தொடங்கிவிட்டார். இறக்கைத் துணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்; தளர்ந்த இடம், வெடித்த பூச்சு எதுவும் அவர் விரலுக்குத் தப்பவில்லை. வாலின் உட்புறத்தில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று விளக்குப் பிடித்து நோக்கினார். வேகத்தை அளக்கும் மெல்லிய குழாயில் குளவி மண் வைத்திருக்கிறதா என்று பார்த்தார். வைத்திருந்தால் வேகமானி பொய் சொல்லும். துணியின் அடிப்புறத்தில் நீர் வடியும் சிறு துளைகள் அடைபட்டால், தங்கிய ஈரம் குழாய்களை அரித்துவிடும் என்று அவற்றையும் தடவிப் பார்த்தார்.

அடுத்து, பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்தார். பனியிரவில், தொட்டியின் வெற்றிடத்திலுள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து துளிகளாகும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் தங்கி, என்ஜினுக்கே முதலில் செல்லும். இதனால்தான் முதல்நாள் மாலையே தொட்டியை நிரப்பி வைத்தல் நல்லது. மறுநாள் காலையிலும் வடித்துப் பார்த்தாக வேண்டும்.

கடுங்குளிர் நாடுகளில் தொல்லை இன்னும் பெரிது. என்ஜின் எண்ணெய் பாகுபோல் இறுகிவிடும். வெந்காற்று செலுத்தி என்ஜினைச் சூடாக்கிய பின்னரே இயக்குவர். இறக்கைமேல் படிந்த உறைபனியைத் துடைக்காமல் புறப்பட்டால், அது மெல்லிய படலமேயானாலும் இறக்கையின் தூக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும்.

எல்லாம் முடிந்தும் புறப்பட இயலவில்லை. ஓடுபாதையின் மறுகோடியை மூடுபனி மறைத்திருந்தது. எனக்கோ அவசரம்.

“மேலே போய்விட்டால் வெயில்தானே, மாமா?” என்றேன்.

“மேலே போவது பெரிதில்லை, மாப்பிள்ளை. இறங்க இடம் தெரிய வேண்டாமா?” என்றார்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.

பனி விலகியதும், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மாமா கையாலேயே முன்விசிறியைச் சுழற்றி என்ஜினை எழுப்பினார். எண்ணெய் சூடேறும் வரை பயிற்றுநர் காத்திருந்தார். புறப்பட்டபோது விமானம் சிட்டுக்குருவிபோல் எழும்பியது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. இறக்கைக்கும் என்ஜினுக்கும் ஒருங்கே வலிமை தருவது. சித்திரை நண்பகலில் நெடுந்தூரம் ஓடவேண்டிய விமானம், மார்கழியில் விரைவில் தரையை விட்டுவிடும். குளிர்காலம் பழைய விமானத்துக்குத் தரும் பரிசு இது.

ஆயினும் பரிசுடன் ஒரு பகையும் வந்தது. கண்மாய்களும் பசுவயல்களும் கீழே செல்லக் கண்டு நான் மெய்ம்மறந்திருந்தபோது, என்ஜினின் ஓசை மெல்லத் தாழ்ந்தது. பயிற்றுநர் ஒரு குமிழை வெளியே இழுத்தார். ஓசை சீர்படவில்லை, இருமியது, குலுங்கியது, முன்னிலும் மோசமாயிற்று. “ஐயா, அதை மறுபடி உள்ளே தள்ளிவிடுங்கள்!” என்று அலறிவிட்டேன். அவர் கையை எடுக்கவில்லை. சில நொடிகள் எனக்கு யுகங்களாயின. பின்பு என்ஜின் தன் பழைய குரலைப் பெற்றது.

நடந்தது என்ன? கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்விதியினாலேதான். அங்கே காற்றின் வெப்பம் 20 பாகைக்கு மேலும் குறையக்கூடும். ஆகவே, நாம் இளங்குளிர் என்று மகிழும் ஈரக்காலையிலும் அதனுள்ளே பனிக்கட்டி படிந்து காற்றுவழியை அடைக்கும். குமிழை இழுத்தால் சூடான காற்று உட்புகும். உருகிய நீர் என்ஜினுக்குள் செல்வதால் முதலில் நிலைமை மோசமாகும், பின்னரே தெளியும். மருந்து வேலை செய்யும் அறிகுறியை நோயின் அறிகுறி என்று மயங்கிக் குமிழை உள்ளே தள்ளுபவன், என்ஜினையே இழக்க நேரிடும்.

அவ்வாண்டு அக்டோபரில்தான் ஜே. ஆர். டி. டாட்டா, தம் 78ஆம் வயதில், லெப்பர்ட் மாத் என்னும் பழைய விமானத்தைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். 1932 அக்டோபர் 15 அன்று, புஸ் மாத் விமானத்தில் தபாலைச் சுமந்து அதே வழியில் அவர் பறந்ததன் பொன்விழா அது. லெப்பர்ட் மாத் 1933இல் தோன்றிய இனம். 1930களின் மற்றோர் இனமான டைகர் மாத்தும், புதுப்பிக்கப்பெற்று, 2012இல் நம் விமானப்படை நாளன்று ஹிண்டன் தளத்தின் மேல் பறந்தது. செய்தித்தாளில் ஓட்டியவர் படம் வரும். விடியுமுன்னரே துணியைத் தடவிப் பார்த்த கை அதில் தெரிவதில்லை.

பின்னாளில், கண்டித்த மறுநாளே திருந்தாத மாணவனைக் கண்டு நான் சினங்கொண்டதுண்டு. அப்போதெல்லாம் அந்தக் குமிழும், அதன்மேல் அசையாதிருந்த கையும் நினைவுக்கு வரும். இன்னும் சில நாள் பொறுத்திருப்பேன். அவ்வாறு பொறுத்ததனால் படிப்பை விடாமல் நின்ற பிள்ளைகள் சிலர் உண்டு.