ஆணி அடிக்கும் உரிமை



1974இல் என்சோ மாரி எண்ட இத்தாலியக் கம்யூனிஸ்ட் வடிவமைப்பாளர், மேசை, கதிரை, கட்டில் செய்யும் வரைபடங்களைத் தபால் செலவுக்கே அனுப்பினார். தேவை பலகை, ஆணி, சுத்தியல். ஆரும் செய்யலாம், தொழிற்சாலையும் வியாபாரியும் மட்டும் செய்யக்கூடாது. பின்னாளில் பெர்லின் அகதி இளைஞர்கள் அவற்றைச் செய்து விற்க அவரே அனுமதி கொடுத்தார்.

எங்கட வீடுகளில பழைய சாமான் எண்டால் வெட்கம். அந்த வெட்கத்திலதான் கடனட்டைக் கொம்பனி பிழைக்குது. கடைக்காரர் வேண்டாமெண்ட பேலட் பலகையைக் கேட்டு எடுங்கோ. 'எச்.டி.' முத்திரை எண்டால் சூடாக்கிப் பதப்படுத்தினது, 'எம்.பி.' எண்டால் மெதில் புரோமைடு நஞ்சு, தொடாதேங்கோ.

சுவர்த்தட்டை நாங்களே செய்யலாம். ஆனா வாடகைச் சுவரில ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேக்க வேணும். அந்த உரிமையை வாடகையாளர் சங்கமாச் சேர்ந்துதான் வாங்கலாம். சுத்தியலோட சங்கத்துக்கும் வாங்கோ.