எண்ணெய்த் துளியும் என் ரெக்கார்டு நோட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"மாணவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நல்ல வார்த்தை சொல்ல மேடையிலே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு திருட்டைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1974. எம்.எஸ்சி. முதலாண்டு. மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டறையில்தான் மில்லிகன் எண்ணெய்த் துளிக் கருவி இருந்தது. மின்விசிறி கிடையாது, போட்டால் துளி பறந்துவிடும். வேர்த்து ஊற்ற ஊற்ற, நானும் என் லேப் பார்ட்னரும் முறை வைத்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்போம்.

கலை மாணவர்களும் இருப்பதால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோகத் தட்டுகள். மேல் தட்டிலே ஒரு சின்னத் துளை. அதற்கு மேலே எண்ணெயைப் பீய்ச்சினால், ஒன்றிரண்டு துளிகள் துளை வழியே உள்ளே இறங்கும். பீய்ச்சும்போதே உராய்வினால் அவற்றில் மின்னூட்டம் ஏறிவிடும். பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்த்தால் அமாவாசை வானத்து நட்சத்திரம் மாதிரி மின்னும். மைக்ராஸ்கோப் தலைகீழாகக் காட்டுவதால், விழுகிற துளி ஏறுவதுபோலத் தெரியும். முதல் நாள் எல்லாரும் அதில் ஏமாறுவோம்.

தட்டுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்து, மெதுவாகத் திருகிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் துளி அந்தரத்தில் அப்படியே நிற்கும். கீழே இழுக்கும் எடையும் மேலே தூக்கும் மின்விசையும் சமம். எடை தெரிந்தால் மின்னூட்டம் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் துளியை எந்தத் தராசில் நிறுப்பது? மின்னழுத்தத்தை அணைத்துவிட்டு, துளி விழும் வேகத்தை அளக்க வேண்டும். ஸ்டோக்ஸ் விதியிலிருந்து ஆரம், ஆரத்திலிருந்து எடை. ஒரு மைக்ரான் ஆரமுள்ள துளி ஒரு மில்லிமீட்டர் விழ ஏறத்தாழ 9 விநாடி ஆகும். அதில் 5 எலக்ட்ரான் கூடுதலாக இருந்தால் சுமார் 230 வோல்ட்டில் நிற்கும். ஒன்று குறைந்து 4 ஆகிவிட்டால் 288 வோல்ட் வேண்டும். இடையில் எந்த மதிப்பும் கிடையாது. ஒரே ஓர் எலக்ட்ரான் வந்துபோவதைக் கண்ணாலே பார்ப்பது என்றால் இதுதான்.

எங்களுக்கு வந்த மின்னூட்டங்கள் 4.05, 5.4, 8.1. (எல்லாவற்றையும் 10-இன் அடுக்கு மைனஸ் 19 கூலும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பொது வகுத்தி 1.35. புத்தகத்திலோ 1.6. நான் யோசிக்கவே இல்லை. ரப்பரை எடுத்தேன், நேரங்களைக் குறைத்தேன், 4.8, 6.4, 9.6 என்று வருகிற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். பார்ட்னர், "வந்ததைத்தான்டா எழுதுவேன்" என்று 1.35-ஐ எழுதினான். எனக்கு ரெக்கார்டில் முழு மதிப்பெண். அவனுக்குச் சிவப்பு மையில் 'ரிபீட்'. அவன் சார்கிட்டே என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னோடு ஒரு மாதம் பேசவும் இல்லை.

மில்லிகன் மட்டும் என்ன யோக்கியமா என்று நான் பிற்பாடு சமாதானம் தேடிக்கொண்டதுண்டு. 1909-இல் சிகாகோவில் அவரோடு உழைத்த ஹார்வி ஃபிளெட்சர் என்ற ஆராய்ச்சி மாணவரின் பெயர், 1910-இல் வந்த எண்ணெய்த் துளிக் கட்டுரையில் இல்லை. நோபல் பரிசு 1923-இல் மில்லிகனுக்கு. ஃபிளெட்சர் எழுதி வைத்த நினைவுக் குறிப்பு, அவர் இறந்த பிறகு 1982-இல்தான் அச்சில் வந்தது. 1913 கட்டுரையில் 58 துளிகளைக் கொடுத்து, 60 நாளில் சோதித்தவை இவ்வளவுதான் என்று மில்லிகன் எழுதினார். அவருடைய நோட்டைப் பார்த்த ஆய்வாளர்கள், விட்டுப்போன துளிகள் பல உண்டு என்று கண்டார்கள். அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் விடை அதிகம் மாறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் நியாயம்.

அவருடைய நிஜமான பிழை வேறிடத்தில் இருந்தது. காற்றின் பாகுநிலைக்கு எடுத்துக்கொண்ட மதிப்பு கொஞ்சம் குறைவு. அதனால் 1.602 வரவேண்டிய இடத்தில் 1.592 வந்தது. அதன் பிறகு அளந்தவர்கள் ஒரேயடியாகச் சரியான மதிப்புக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் போனார்கள் என்று ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒரு பட்டமளிப்பு விழாவில் பேசினார். மில்லிகனை விட ரொம்ப அதிகமாக வந்தால், எங்கோ தப்பு என்று தேடுவார்களாம். பக்கத்தில் வந்தால் தேடமாட்டார்களாம். அவர் அதைப் பேசியதும் 1974-இல்தான். நான் ரப்பரும் கையுமாக இருந்த அதே வருஷம்!

சரி, எங்கள் 1.35 எங்கிருந்து வந்தது? 'ரிபீட்' வாங்கிய பார்ட்னர் விடவில்லை. லேப் ஸ்டாப்வாட்சைத் தன் கைக்கடிகாரத்தோடு ஓடவிட்டுப் பார்த்தான். ஒரு நிமிடத்துக்கு அது 67 விநாடி காட்டியது. அட்டெண்டர் அதைச் சட்டக் காந்தங்கள் இருந்த டிராயரிலேயே போட்டு வைத்திருந்தார். உள்ளே இருக்கிற மெல்லிய சுருள்வில்லில் காந்தம் ஏறி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கடிகாரம் வேகமாக ஓடும். நேரம் 12 சதவீதம் கூடினால், கணக்கிலே மின்னூட்டம் 16 சதவீதம் குறையும். 1.6-இல் 16 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். அவன் எடுத்த ரீடிங் ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்ததால்தான் கடிகாரத்தின் கோளாறு பிடிபட்டது. என் நோட்டை வைத்து ஒருவரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

2019-லிருந்து எலக்ட்ரான் மின்னூட்டம் அளக்கிற சங்கதியே இல்லை, 1.602176634 என்று வரையறுத்துவிட்டார்கள். ஆனாலும் இருட்டறையில் துளி நிற்பதைப் பார்க்கிற சுகம் தனி. எங்கள் பேட்ச் சார்பில் துறைக்குப் புதிய எண்ணெய்த் துளிக் கருவி ஒன்றை இன்று வழங்குகிறோம். டிஜிட்டல் கடிகாரத்தோடு. துறைத் தலைவரிடம் ஒரு வேண்டுகோள்: 1.35 என்று எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு, 'ரிபீட்' போடுவதற்கு முன்னால், கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் துளியைப் பிடிக்க வேண்டியவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வாடா, போகலாம்.