மரக்காணம் பாத்தியில் மூன்று கோணங்கள்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் உப்பளங்களைப் பார்க்காமல் போக முடியாது. பிளஸ் ஒன் மாணவர்கள் மனப்பாடம் செய்து தவிக்கும் ‘இனக்கலப்பு’ என்ற வேதியியல் பாடத்தை எடைபோட அதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் பாத்தியில் நிற்கும் தண்ணீர். அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் வெளிகளை ஆர்பிட்டால்கள் என்கிறோம். ஆக்சிஜனின் பி ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. அவற்றோடு மட்டும் ஹைட்ரஜன் சேர்ந்தால் பிணைப்புக் கோணம் 90 பாகைக்கு அருகில் இருக்க வேண்டும். அளந்தாலோ 104.5 பாகை. எஸ், பி ஆர்பிட்டால்கள் கலந்து புதியவை உருவாகின்றன என்று 1931இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் எழுதினார். இந்தக் கலப்புதான் இனக்கலப்பு. ஓர் எஸ்ஸும் மூன்று பியும் கலந்தால் நான்முகியின் மூலைகளை நோக்கி நான்கு ஆர்பிட்டால்கள் நிற்கும், இடைக்கோணம் 109.5. மீத்தேனில் அப்படியே இருக்கிறது. தண்ணீரில் நான்கில் இரண்டு, பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இணைகள். அவை கூடுதல் இடம் பிடித்து நெருக்குவதால் கோணம் 104.5 ஆகக் குறுகுகிறது. அழகான விளக்கம்.

இந்த வளைவு இல்லையென்றால் உப்பளமே இல்லை. தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு போல நேர்கோடாக இருந்தால் இரு பக்க மின் இழுப்பும் ஒன்றையொன்று அழித்துவிடும். வளைந்திருப்பதால்தான் ஆக்சிஜன் முனை சோடியத்தையும் ஹைட்ரஜன் முனை குளோரைடையும் பற்றிக் கரைக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் அடங்குகின்றன. அவற்றில் உள்ள மக்னீசியத்தை அந்த ஆக்சிஜன் முனை இன்னும் இறுக்கமாகப் பிடிப்பதால் அது கடைசியில்தான் படியும். நீர் சுண்டி, அதன் அடர்த்தியை அளக்கும் போமே மானி 25 காட்டும்போது சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். 29, 30 என்று ஏறுவதற்குள் மிச்சமிருக்கும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். தாமதித்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரம் இழுத்துக் கசியும். அந்த நேரம் பார்த்து வடிப்பதுதான் உப்பளத் தொழிலாளியின் கைத்திறன்.

இரண்டாவது, கழிமுகத்துக் கருஞ்சேறு. அதைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், ஹைட்ரஜன் சல்பைடு. கந்தகம் ஆக்சிஜனின் குடும்பம்தான், எலக்ட்ரான் இணைகளும் அதே நான்குதான். கோணமோ சுமார் 92 பாகை. நான்முகிக் கணக்கு இங்கே கைகொடுக்கவில்லை. கலக்காத பி ஆர்பிட்டால்களே இதற்குப் போதும்.

மூன்றாவது, உப்பு. ஒரு பரலை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், விளிம்புகள் செங்கோணத்தில் சந்திக்கும். உடைத்தாலும் செங்கோணமாகவே பிளக்கும். ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடுகள் சூழ்ந்து அடுக்கப்பட்டிருப்பதால் வரும் 90 பாகை அது. அயனிகளின் ஈர்ப்புக்குத் திசை கிடையாது. இனக்கலப்புக்கு இங்கே வேலையே இல்லை.

என் மதிப்பீடு இதுதான். கோணத்தைச் சொல்வது அளவீடு. இனக்கலப்பு அந்த அளவீட்டுக்குப் பொருந்த எழுதிய கணக்கு. கார்பன் சேர்மங்களில் அதற்கு நிகரில்லை. ஆனால் அணுவுக்குள் அதுவே கோணத்தை ஆணையிடுகிறது என்று கற்பிப்பது தவறு. விழுப்புரம் மாவட்ட வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உப்பு விளையும் பருவத்தில் மாணவர்களை ஒருநாள் மரக்காணத்துக்கு அழைத்துப் போங்கள். இந்த மூன்று கோணங்களையும் அங்கே காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.