அண்ணன்மாரின் கடமை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு, என்ன நினைத்தார்களோ, ஒரு புகைவண்டி எழுத்தனைப் பேச அழைத்துவிட்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால் அவ்வேலை எனக்குக் கிடைத்தது, படிப்பு நின்றது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் மேலே படிக்கலாம் என்று எனக்கு எடுத்துச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. நானாக அதை அறிந்தபோது தலையில் நரை தோன்றிவிட்டது. ஆகையால் இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஒரு பையனைப் பற்றிச் சொல்லவே வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒருநாள், முன்பதிவுச் சாளரத்தில் ஓர் இளைஞன் வந்து நின்றான். திருநெல்வேலிக்குச் சீட்டு வேண்டும் என்றான். எங்கோ பார்த்த முகமாக இருந்தது. கேட்டேன். "சங்கத்துல எனக்குப் பரிசு கொடுத்தீங்களே, சார்" என்றான். நினைவு வந்தது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதற்காக இதே மேடையில் அவனுக்கு ஒரு வெள்ளிக்கிண்ணம் அளித்தோம், கைதட்டினோம், நிழற்படமும் எடுத்தோம். அவன் தந்தை சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர். பையன் பன்னிரண்டாம் வகுப்பிலும் நன்றாகவே தேறியிருக்கிறான். ஆனால் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்த பிறகே அப்படியொரு நாள் இருந்ததை அறிந்திருக்கிறான். இப்பொழுது திருநெல்வேலியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறான். சீட்டைக் கொடுத்தேன். அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. வேறு என்ன செய்ய?

அவன் வீடு நம் சங்க மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பரிசளித்த நாளுக்கும் அந்தச் சாளரத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகள். அவ்விரண்டு ஆண்டுகளில் நம்முள் ஒருவராவது அவன் வீட்டுப் படியேறி, "தம்பி, அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டிருந்தால்? கேட்காதவர்களில் நானும் ஒருவன். இக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

பிற இடங்களில் இதை எவ்வாறு செய்கிறார்கள் என்று நூலகத்தில் தேடிப் படித்தேன். அப்படித் தேடியபோது கிடைத்த செய்தி ஒன்று நம் ஊரிலேயே வந்து முட்டியது.

1959ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் தம் துணைவியாருடன் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்துக்கும் வந்தார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பயின்ற ஒரு பள்ளியில் பேசினார். அப்பள்ளியின் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அவரை அறிமுகம் செய்தாராம். கிங் முதலில் திடுக்கிட்டார். சற்றுச் சினமும் கொண்டார். பின்னர்த் தம் நாட்டில் தம் மக்கள் படும் பாட்டை எண்ணிப் பார்த்து, அச்சொல் உண்மையே என ஒப்புக்கொண்டார். 1965இல் அட்லாண்டா நகரில் தம் தேவாலயத்தில் நிகழ்த்திய பேருரையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கிங், 1952இல் பாஸ்டனில் பயின்றபோது ஒரு மாணவர் கழகத்தில் சேர்ந்தார். அதன் பெயர் ஆல்ஃபா பை ஆல்ஃபா. கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொள்வது அந்நாட்டு மாணவர் கழகங்களின் வழக்கம். வெள்ளையர் கழகங்களின் கதவுகள் கறுப்பின மாணவர்க்கு மூடியிருந்த காலத்தில், நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு மாணவர்கள் 1906 டிசம்பர் 4ஆம் நாள் இதனை நிறுவினர். நிற வேற்றுமைக்கு நடுவில் தனித்துத் தவித்த சில மாணவர்கள் ஒருவருக்கொருவர் பாடத்திலும் மனத்திலும் துணை நிற்கவே முதலில் கூடினர். ஒருவரையொருவர் சகோதரன் என்றே அழைத்தனர்.

என்னைக் கவர்ந்தது இதற்கு அப்பால் உள்ளது. படிப்பு முடிந்ததும் அவர்கள் கழகத்தை விட்டுப் போவதில்லை. வழக்கறிஞரானாலும் மருத்துவரானாலும் ஊருக்கு ஊர் கிளை அமைத்து உறுப்பினராகவே தொடர்கிறார்கள். 'உயர்நிலைப் பள்ளிக்குச் செல், கல்லூரிக்குச் செல்' என்னும் இயக்கத்தை 1920களிலேயே தொடங்கி, பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளிடம் பேசினார்கள். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் வாக்களிக்க இயலாதபடி வரியும் தேர்வும் விதித்துத் தடுத்த காலத்தில், பெயரைப் பதிவு செய்யத் துணை நின்றார்கள். தந்தையின் துணையற்ற சிறுவர்க்கு மூத்த உறுப்பினர் ஒருவர் அண்ணனாக அமைந்து வழிகாட்டும் பணியும் நடக்கிறது. அவர்களிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். இத்தகைய கழகங்களில் புதிதாகச் சேர்வோரை வதைக்கும் கெட்ட வழக்கம் வேர்விட்டிருந்தது. அதை ஒழிக்க அவர்களே விதி வகுக்க நேர்ந்தது. குறையை விடுத்து நல்லதைக் கொள்வோம்.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு எனச் சிலர் நினைக்கலாம். நாள்தோறும் நாம் கடந்து செல்லும் அய்யன்காளி மண்டபத்தின் பெயருக்குரியவரை எண்ணிப் பாருங்கள். வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரே 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவி, புலையர் குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று போராடினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பட்டினி வந்தபோது கடற்கரை மீனவர்கள் அவர்களைத் தம் படகுகளில் ஏற்றிக்கொண்டு பிழைப்பளித்தனர். ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றபோது அப்பள்ளிக்கே தீ வைத்தார்கள். 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது அய்யன்காளி தெரிவித்த ஆசை, சாவதற்கு முன் தம் குலத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே. பொன்னையோ நிலத்தையோ கேட்கவில்லை.

அந்த அய்யன்காளியும் சென்று அமர்ந்த இடம் ஒன்று இவ்வூரில் இருந்தது. தைக்காட்டு அய்யா அவர்களின் இல்லம் அது. நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, ஆங்கிலேயரின் ரெசிடென்சியில் மேற்பார்வையாளராக உத்தியோகம் பார்த்தவர் அவர். நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் அவரிடம் யோகம் பயின்றனர். எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவிட்டார். 1909இல் மறைந்தார். குடியேறி வந்த ஓர் உத்தியோகஸ்தர் என்ன செய்ய முடியும் என்று கேட்போர்க்கு அவரைக் காட்டுவேன்.

இனி நம் செய்திக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது எப்போதும் பணமன்று. ஒரு சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குரிய உரிமை இம்மாநிலத்தில் கிடைக்க வேண்டுமானால், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே குடும்பம் இங்குக் குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். பாட்டனார் காலத்து வரிச்சீட்டு எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ! அதைத் தேடியெடுத்து அலுவலகத்துக்கு அலைய, மூட்டை சுமக்கும் தந்தைக்கு ஒருநாள் கூலி போகும். எழுத்தர் வேலை பார்ப்பவனுக்கு மனு எழுதுவது கைவந்த கலை. வேறொன்றும் தெரியாவிட்டாலும் அது எனக்குத் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இவ்வாண்டு பரிசு பெறும் பிள்ளைகள் பதினொருவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் சங்க உறுப்பினர் ஒருவர் அண்ணனாகவோ அக்காவாகவோ பெயர் கொடுக்க வேண்டும். திங்களுக்கு ஒருமுறை அவ்வீட்டுக்குப் போக வேண்டும். என்ன படிக்கிறான், எந்த விண்ணப்பத்துக்கு எது கடைசி நாள், என்ன தாள் குறைகிறது என்று பார்த்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து அடுத்த படியில் கால் வைக்கும்வரை விடக்கூடாது. பட்டம் பெற்றவர்தாம் வர வேண்டும் என்பதில்லை. விருந்துச் செலவைக் குறைக்கவும் நான் சொல்லவில்லை; பாயசம் எனக்கும் பிடிக்கும்.

மண்டப வாயிலில் செயலாளர் ஓர் ஏடு வைத்திருக்கிறார். அதில் முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். திருநெல்வேலியில் இருக்கும் அந்தப் பையனுக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன்; வேலையோடு அஞ்சல்வழியில் பட்டம் படிக்கலாம், விண்ணப்பம் நான் வாங்கித் தருகிறேன் என்று. மறுமொழி இன்னும் வரவில்லை. மீதி பத்து வரிகள் ஏட்டில் காலியாக இருக்கின்றன.